கிட்டா, ஸ்லீவா, புதுசா? மலை இறங்கும் பழைய வண்டிக்கு எது

போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது பிரேக் பெடல் அமுங்கிக்கொண்டே போனால் பிரேக் சிலிண்டர் வேலையைத் தள்ளிப்போடக் கூடாது. பூப்பாறை, சூரியநெல்லி பக்கம் நம் ஆட்கள் வைத்திருக்கும் பழைய அம்பாசடர் மாதிரி வண்டிகளில் பிரேக்குக்கு ஒரே லைன்தான். ஒரு சிலிண்டர் கசிந்தால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போச்சு.

மலிவான வழி கிட், அதாவது சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப், சீல்களை மட்டும் மாற்றுவது. ஆனால் போர் (பிஸ்டன் ஓடும் உள்துளை) சுத்தமாக இருக்க வேண்டும். பிஸ்டனைக் கழற்றி, ஸ்பிரிட்டில் துடைத்து (பெட்ரோல், டீசல் பட்டால் ரப்பர் ஊதிவிடும்), டார்ச் அடித்துப் பாருங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். மலை மழைக்குக் கேட்கவே வேண்டாம். அந்த ஈரத்தால் பெரும்பாலும் அடிப்பக்கம்தான் அரித்துக் குழி விழும். நகம் மாட்டுகிற குழி என்றால் புதுக் கப்பும் சீக்கிரம் கிழியும். ஹோன் அடித்தே (கல்லால் உள்ளே தேய்த்தே) அதை எடுத்துவிடலாம் என்பார்கள்; போர் பெரிதாகி, கப் பிடிக்காமல் போகும்.

பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்கு என் ஓட்டு ஸ்லீவுக்குத்தான், அதாவது போரைக் கடைந்து உள்ளே புதுக் குழாய் இறக்குவது. கம்பெனி வார்ப்பு அப்படியே இருக்கும். பித்தளையோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ துருப்பிடிக்காது. ஆனால் லேத் பட்டறைக்காரர் பிரேக் வேலை தெரிந்தவராக இருக்க வேண்டும். போரிலிருந்து டேங்குக்கு ஆயில் திரும்பும் ஊசித் துளையை ஸ்லீவிலும் அதே இடத்தில் போட வேண்டும். துளை அடைபட்டால் பெடலை எடுத்தாலும் பிரேக் விடாது, சக்கரம் சூடேறும். துளை ஓரத்தில் பிசிர் இருந்தால் கப்பை அறுத்துவிடும். வேலை முடிந்து வந்ததும் மெல்லிய கம்பி விட்டுப் பாருங்கள்.

சக்கரத்தில் இருக்கும் வீல் சிலிண்டருக்குப் புதுசே போதும், கிடைக்கிற வரை. போர் அளவு மட்டும் பழையதோடு ஒத்திருக்கட்டும். அளவு மாறினால் பிரேக் ஒரு பக்கம் இழுக்கும்.

கிளட்ச் சிலிண்டருக்குப் பெரும்பாலும் கிட்டே போதும். கிளட்ச் போனால் ஓரங்கட்டி நிறுத்தலாம். பிரேக் போனால் அது முடியாது. செலவைக் கிளட்ச் பக்கம் மிச்சம் பிடியுங்கள்.

பிரேக் ஆயில்? டாட் 5 என்பது சிலிக்கான் வகை, ஈரம் உறிஞ்சாது, பெயின்டைக் கெடுக்காது. ஆனால் உள்ளே போன தண்ணீர் கலக்காமல் அப்படியே தேங்கும். பழைய ஆயிலோடும் சேராது. நான் ஈரம் உறிஞ்சும் வழக்கமான வகையான டாட் 4 ஊற்றுவேன். புதிதாகக் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது; ஈரம் ஏறினால் 155 வரைதான் உத்தரவாதம். அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும்.

ஏர் எடுத்த (லைனில் இருக்கும் காற்றை வெளியேற்றிய) பிறகு பெடலை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். வெளியே கசிவே இல்லாமல் மெல்ல இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள்ளேயே கசிகிறது. சரிசெய்யும் வரை மெட்டுப் பக்கம் வண்டியை எடுக்க வேண்டாம்.