அண்ணா நகர் ‘காலம் மற்றும் வேலை’ வார இறுதி வகுப்பு: ஒரு தேர்வரின் மதிப்பீடு

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் மூன்று மணி நேரத்தில் 200 வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். அவற்றுள் 25 வினாக்கள் திறனறிவுப் பகுதியைச் சேர்ந்தவை. சராசரியாக ஒரு வினாவுக்கு 54 விநாடிகளே கிடைப்பதாலும், விடைத்தாளில் வட்டத்தை நிரப்பும் நேரமும் அதற்குள்ளேயே அடங்குவதாலும், காலம் மற்றும் வேலைக் கணக்கைப் பின்னங்களாகவே எழுதிப் பழகியவர்கள் பலர் அதைத் தொடாமலே அடுத்த வினாவுக்குச் சென்றுவிடுகிறார்கள். இந்த ஒரு தலைப்புக்கென்றே அண்ணா நகர் இரண்டாவது நிழற்சாலைக்கு அருகில், ஒரு வீட்டின் மாடியில் நடைபெறும் வார இறுதி வகுப்பில் படித்தேன். தமிழ் வழியில் படித்த தேர்வர்களுக்கு அதைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். வேகப் பயிற்சியை மட்டும் வேறிடத்தில் தேடிக்கொள்ள வேண்டும்.

அங்கே ஆசிரியர் முதல் நாளில் எந்தச் சூத்திரத்தையும் எழுதிப் போடுவதில்லை. ஒரு வேலையை ஒருவர் 12 நாட்களிலும் மற்றொருவர் 18 நாட்களிலும் முடிப்பார்கள் என்றால், அவ்விரு எண்களின் மீச்சிறு பொது மடங்கான 36ஐ மொத்த வேலையாக, அதாவது 36 சம பங்குகளாக (அலகுகளாக)க் கொள்ளச் சொல்கிறார். முதலாமவர் நாளொன்றுக்கு 3 அலகும் இரண்டாமவர் 2 அலகும் செய்வதால், இருவரும் சேர்ந்து 36ஐ 5ஆல் வகுத்த அளவில், அதாவது 7 1/5 நாட்களில் முடிப்பார்கள். இரு எண்களையும் பெருக்கி அவற்றின் கூடுதலால் வகுத்தாலும் இதே விடைதான் வரும். ஆனால் மூன்றாவது ஆள் சேரும்போதோ, ஒருவர் பாதியில் விலகும்போதோ அந்தக் குறுக்குவழி அப்படியே பொருந்தாது என்பதையும், அலகு முறை அங்கும் நிற்கும் என்பதையும் அவர் அடுத்த கணக்கிலேயே காட்டிவிடுகிறார்.

எனக்கு மிகவும் பயன்பட்டது, ஒருவர் ஒரு நாள், மற்றவர் மறுநாள் என மாறி மாறி வேலை செய்யும் கணக்குகளை அவர் நடத்திய விதம். மேற்சொன்ன அதே இருவரும் இரண்டு நாட்களில் 5 அலகு முடிப்பதால், 14 நாட்களில் 35 அலகு முடிந்து ஓர் அலகு மீதமிருக்கும். முதலாமவர் தொடங்கியிருந்தால் அந்த அலகுக்கு அவருக்கு மூன்றில் ஒரு பங்கு நாள் போதும் என்பதால் விடை 14 1/3 நாட்கள். இரண்டாமவர் தொடங்கியிருந்தால் அரை நாள் ஆகும் என்பதால் விடை 14 1/2 நாட்கள். “யார் முதலில் வேலைக்கு வருகிறார் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்” என்று அவர் ஒவ்வொரு கணக்கிலும் நினைவூட்டுவது, இரண்டு விடைகளுமே தெரிவுகளில் அடுத்தடுத்து நிற்கும்போது எவ்வளவு தேவையானது என்பது மாதிரித் தேர்வில் தெரிந்தது.

இருவரும் சேர்ந்து தொடங்கி, முதலாமவர் வேலை முடிவதற்கு 3 நாட்களுக்கு முன் விலகினால் எத்தனை நாட்கள் ஆகும் என்ற கணக்கையும் அதே தெளிவோடு விளக்கினார். விலகியவர் கடைசி வரை இருந்திருந்தால் கூடுதலாக 9 அலகு செய்திருப்பார். ஆகவே 36உடன் அந்த 9ஐயும் கூட்டி, 45ஐ 5ஆல் வகுக்க 9 நாட்கள். பின்னத்தில் அரைப் பக்கம் பிடிக்கும் இக்கணக்கு இங்கே ஒரே வரியில் முடிகிறது.

குழாய், தொட்டிக் கணக்குகள் அதிக நேரம் எடுக்கவில்லை. காலியாக்கும் குழாய்க்குக் கழித்தல் குறி போட்டால் போதும் என்பதால் அது சரியே. ஆனால் ஆட்கள், நாட்கள், நாளொன்றுக்கு உழைக்கும் மணி நேரம் ஆகியவை சேர்ந்து வரும் கணக்குகளைக் கடைசி வகுப்பின் இறுதியில் அவசரமாக முடித்தது ஏமாற்றம் அளித்தது. 15 பேர் நாள்தோறும் 8 மணி நேரம் உழைத்து 12 நாட்களில் முடிக்கும் வேலையை, 20 பேர் 9 மணி நேரம் உழைத்தால் 8 நாட்களில் முடிப்பார்கள் என்ற ஒரே எடுத்துக்காட்டோடு நிறுத்திவிட்டார்கள். எட்டாம் வகுப்புக் கணக்கில் இத்தகைய பல அளவுகள் சேர்ந்து மாறும் கூட்டு மாறலை நன்கு படித்தவர்களுக்கு அது போதும். பள்ளியை விட்டுப் பல ஆண்டுகள் ஆனவர்களுக்குப் போதாது.

நேரம் குறித்து வைத்து நடத்தும் பயிற்சி இந்த வகுப்பில் இல்லவே இல்லை. அச்சிட்ட குறிப்பேடு முழுவதும் தமிழில், பிழையின்றி இருக்கிறது. ஆனால் பயிற்சிக் கணக்குகளுக்கு இறுதி விடை மட்டுமே தரப்பட்டுள்ளது, வழிமுறை இல்லை. சேர்பவர்கள் அந்த வழிமுறைத் தாள்களைத் தனியே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். நான் கேட்டபோது மறுக்காமல் நகல் எடுத்துக் கொடுத்தார்கள்.