டிவி பெட்டியில் பதிந்ததைக் கணினிக்கு மாற்ற எந்த வழி நல்லது?

மகள் ஆடிய தீபாவளி நிகழ்ச்சி டிவியில் போய்விட்டது. டிவியோடு இணைத்த செட்-டாப் பெட்டியில் பதிந்தும் வைத்தாயிற்று. இனி அது கனடாவில் இருக்கும் பெரியம்மாவுக்குப் போக வேண்டும். பலர் டிவிக்கு முன்னால் போனைப் பிடித்து எடுத்து வாட்ஸ்அப்பில் தட்டிவிடுகிறார்கள். நட்டுவாங்கத்தோடு அடுப்படிக் குக்கர் விசிலும் சேர்ந்து வரும் அந்த வீடியோ அவசரத்துக்குச் சரி, வைத்துப் பார்க்க உதவாது. ஒழுங்காக மாற்றச் சில வழிகள் இருக்கின்றன. காசைக் கையில் எடுக்க முன் பெட்டியைத் தான் முதலில் பார்க்க வேண்டும்.

கட்டண டிவி என்றால் கொழும்பில் அதிகம் அடிபடும் பெயர்கள் இரண்டு: டிஷ் வழியாக வரும் டயலொக், டெலிகொம் இணைப்பில் வரும் பியோ. எந்தச் சேவையானாலும் கேள்வி ஒன்றுதான்: பதிவு எங்கே கிடக்கிறது? பின்னால் தள்ளிப் பார்க்கும் வசதியைத்தான் பாவித்தீர்கள் என்றால், பெட்டிக்குள் கோப்பு எதுவும் இருக்காது. அது கம்பனியின் சேர்வரில் இருக்கிறது, நாட்கணக்கு முடிய அழிந்துவிடும். பென் டிரைவிலோ ஹார்ட் டிஸ்கிலோ பதிந்திருந்தால் தொடர்ந்து வாசியுங்கள்.

முதல் வழி, பென் டிரைவைக் கழற்றிக் கணினியில் செருகுவது. இது சரிவந்தால் மற்ற எதையும் யோசிக்கவே வேண்டாம். ஒளிபரப்பில் வந்த அதே தரம் ஒரு துளியும் குறையாமல் கிடைக்கும். ஒரு மணி நேர நிகழ்ச்சி சில நிமிடங்களில் கணினிக்கு வந்துவிடும். நொடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் வந்த எஸ்டி (சாதாரணத் தர) நிகழ்ச்சி என்றால் மணிக்குச் சுமார் 1.8 ஜிபி, 8 மெகாபிட் எச்டி (உயர் தரம்) என்றால் 3.6 ஜிபி. பென் டிரைவ் ஃபேட்32 என்ற கோப்பு முறையில் ஃபோர்மட் ஆகி இருந்தால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. அதனால் நீண்ட நிகழ்ச்சியைப் பெட்டி துண்டு துண்டாகப் போட்டிருக்கும், பயப்பட வேண்டாம். விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் திறந்து பாருங்கள். படம் ஓடினால் லாஸ்லெஸ்கட் என்ற இலவச மென்பொருளில் போட்டு விளம்பரங்களை வெட்டி, துண்டுகளை ஒட்டி, எம்பி4 ஆக எடுத்துவிடலாம். மறுபடி சுருக்காததால் தரம் அப்படியே இருக்கும்.

ஆனால் இந்த வழி பெரும்பாலும் இலவச அலைவரிசைகளுக்கான டிஷ் பெட்டிகளில்தான் சரிவரும். கட்டணச் சேவைப் பெட்டிகள் பலவற்றில் பதிவு அந்தப் பெட்டிக்கு மட்டும் திறக்கும்படி பூட்டப்பட்டிருக்கும். கோப்பு கண்ணுக்குத் தெரியும், அளவும் சரியாகக் காட்டும், விஎல்சி மட்டும் கறுப்பாக நிற்கும். வேறு சில பெட்டிகள் டிரைவையே, விண்டோஸ் வாசிக்காத லினக்ஸ் கோப்பு முறைக்கு மாற்றிவிடும். அதைச் செருகியதும் விண்டோஸ் ‘இதை ஃபோர்மட் செய்யவா?’ என்று கேட்கும். அவசரத்தில் ஓம் என்று அழுத்தினால் எல்லாம் போச்சு. ரத்துச் செய்துவிட்டு, லினக்ஸ் ஓடும் ஒரு கணினியில் செருகிப் பாருங்கள்.

பெட்டியைத் திறந்து ஹார்ட் டிஸ்கைக் கழற்றலாம் என்று சொல்லும் ஆட்களும் உண்டு. விட்டுவிடுங்கள். பல வீடுகளில் பெட்டியே கம்பனிக்குச் சொந்தம், கழற்றினாலும் உள்ளே இருப்பது அதே பூட்டிய கோப்புதான். ட்ரீம்பாக்ஸ், வியூ பிளஸ் மாதிரி லினக்ஸில் ஓடும் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாடு எதுவும் இல்லை, வீட்டு வைஃபை வழியாகவே எஃப்டிபி என்ற கோப்பு மாற்றும் முறையில் கணினிக்கு இழுத்துவிடலாம்.

பூட்டிய பதிவென்றால் மிச்சம் இருப்பது, பெட்டியில் நிகழ்ச்சியை ஓடவிட்டு, வெளியே வரும் படத்தைக் கணினியில் பிடிப்பது. ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் காத்திருக்கத்தான் வேண்டும். போட்டி உண்மையில் இங்கேதான்: பழைய மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயரா, எச்டிஎம்ஐ வயரா?

எச்டிஎம்ஐ வயரில் வரும் படத்தைக் கணினிக்குக் கொடுக்கும் கப்சர் கார்ட் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கிடைக்கும், புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலும் தேடலாம். மலிவான கார்டின் பெட்டியில் ‘4கே’ என்று பெரிதாகப் போட்டிருக்கும். அது உள்ளே வாங்கும் அளவு. கணினிக்குக் கொடுப்பது 1080 வரிப் படம், அதுவும் நொடிக்கு 30 படங்கள். செருகும் முனை வேகமான யூஎஸ்பி 3.0 போல நீலமாக இருந்தாலும் உள்ளே மெதுவான யூஎஸ்பி 2.0 ஆக இருப்பதுண்டு. நம் நாட்டு ஒளிபரப்பு 25, 50 என்ற கணக்கில் வருவது. அதை 30இல் பிடித்தால் நடனத்தில் கை வீச்சும் கிரிக்கெட்டில் பந்தும் விக்கி விக்கி ஓடும். நான் செய்வது, பெட்டியின் வெளியீட்டை 720க்கு இறக்கி, கணினியில் படத்தைப் பதியும் ஓபிஎஸ் மென்பொருளிலும் 720, நொடிக்கு 50 என்று வைப்பது. சற்றுக் குறைந்த கூர்மை, ஆனால் அசைவு வழுக்கிக்கொண்டு போகும். அரங்கேற்றத்துக்கு அதுதான் முக்கியம்.

எச்டிஎம்ஐயின் பெரிய தலையிடி எச்டிசிபி என்ற, பிரதி எடுப்பதைத் தடுக்கும் பூட்டு. பெட்டி அதைப் போட்டு அனுப்பினால் கார்டுக்குக் கறுப்புத் திரைதான் வரும். அதை உடைக்கிற ஸ்பிளிட்டர்களைப் பற்றிக் கடைகளில் காதோடு காதாகச் சொல்வார்கள். நான் அந்தப் பக்கம் போவதில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் சொந்தப் பாவனைக்கான ஒற்றைப் பிரதிக்கு இடம் வைத்திருக்கிறது. பூட்டை உடைப்பது வேறு கதை.

மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயரில் எச்டிசிபி கிடையாது. அதற்கான யூஎஸ்பி கருவியும் மலிவு. கிடைப்பது 576 வரிதான். எஸ்டியில் வந்த நிகழ்ச்சிக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? குறை வேறு இடத்தில் இருக்கிறது. நிறமும் வெளிச்சமும் ஒரே வயரில் வருவதால், அடியில் ஓடும் செய்தி எழுத்துகளின் ஓரத்தில் சிவப்பு கசிந்து நெளியும். பாதிப் பிரச்சினை செட்டிங்கை மாற்றினாலே தீரும். கருவி சில நேரம் அமெரிக்க டிவி முறையான என்டிஎஸ்சியில் நிற்கும், படம் கறுப்பு வெள்ளையாகவோ உருண்டோ வந்தால் நம் நாட்டு முறையான ‘பால்’ (PAL) என்று மாற்றுங்கள். அசையும் உருவத்தின் ஓரம் சீப்புப் பல் போலத் தெரிந்தால் ஓபிஎஸ்ஸில் டீஇன்டர்லேஸ் பகுதியில் யாடிஃப் 2எக்ஸைத் தெரிவுசெய்யுங்கள். ஆட்கள் ஒல்லியாக நீண்டு தெரிந்தால் அகலத்தை 16:9க்கு இழுத்துவிடுங்கள்.

என் தெரிவைக் கேட்டால், பூட்டிய எஸ்டி பதிவுக்கு மஞ்சள் வயர் போதும். எச்டியில் வந்ததும், எச்டிசிபி குறுக்கே நிற்காததும் என்றால் மட்டும் எச்டிஎம்ஐ கார்டுக்குச் செலவழியுங்கள். கடைக்குப் போகும்போது முடிந்தால் பெட்டியையே பையில் போட்டுக்கொண்டு போய், செருகிக் காட்டச் சொல்லுங்கள்.

எந்த வயர் என்றாலும் ஓபிஎஸ்ஸில் எம்கேவி என்ற கோப்பு வகையில் பதியுங்கள். நடுவில் கரண்ட் போனாலும் அதுவரை பதிந்தது தப்பிக்கும், சாதாரண எம்பி4 அப்படித் தப்பாது. பிறகு ஓபிஎஸ்ஸுக்குள்ளேயே எம்பி4 ஆக்கலாம். கடைசிப் பத்து நிமிடத்தை ஓடவிட்டு, வாயசைவும் சத்தமும் ஒன்றாகப் போகிறதா என்று பார்த்த பிறகுதான் பெட்டியில் இருக்கும் மூலப் பதிவை அழியுங்கள்.