செர்ன் ஓபன் டேட்டா மியூவான் பைல்: எம்.எஸ்சி. புராஜெக்டுக்கு எப்படி?

கன குவார்க், எலெக்ட்ரோவீக் (இசட், டபிள்யூ போசான்) அளவீடு என்றாலே ஜெனீவாவிலுள்ள செர்ன் துகள் ஆய்வகத்துக்குப் போயாக வேண்டும் என்று வேலூர், காட்பாடிப் பக்கத்து இயற்பியல் மாணவர்கள் ஒதுங்கத் தேவையில்லை. துகள் மோதல்களைப் பதியும் சிஎம்எஸ் கருவி 2012-இல் பதிந்த மியூவான் (எலெக்ட்ரானின் கனமான உறவுத் துகள்) பைல் செர்னின் ஓபன் டேட்டா தளத்தில் இலவசம், லாகின்கூட வேண்டாம். 2.1 ஜிபி, 6.15 கோடி மோதல்கள். காவலூர் தொலைநோக்கிக்கு வானம் தெளிய வேண்டும், இதற்கு 8 ஜிபி ரேம் லேப்டாப் போதும்.

ஆனால் பைலை ஒரே மூச்சில் மெமரியில் ஏற்றினால் லேப்டாப் உறைந்துவிடும். அப்ரூட் என்ற பைத்தான் நூலகத்தில் 'இட்டரேட்' போட்டு 100 எம்பி துண்டுகளாகப் படியுங்கள். சரியாக இரண்டு மியூவான், எதிரெதிர் மின்னூட்டம் என்று வடிகட்டி, ஒவ்வொரு ஜோடியின் நிறையையும் (இன்வேரியன்ட் மாஸ்) கணக்கிட்டு ஹிஸ்டோகிராம் வரையுங்கள்; ஜோடியாகச் சிதைந்த தாய்த்துகள் முகடாகத் தெரியும். மியூவானின் நிறையான 0.1057 ஜிஇவியை (துகள் நிறையின் அலகு; அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு எம்இவி) சுழியமாக வைக்கும் சுருக்கச் சூத்திரம் வேண்டாம். சார்ம் குவார்க்கும் அதன் எதிர்க்குவார்க்கும் சேர்ந்த ஜே/சை துகளின் முகடு 3.097 ஜிஇவியிலிருந்து சில எம்இவி கீழே இறங்கிவிடும்.

இந்த பைலின் அருமையே 9 முதல் 11 ஜிஇவி வரைதான். பாட்டம் குவார்க்கும் அதன் எதிர்க்குவார்க்கும் சேர்ந்த உப்சிலான் நிலைகள் 9.46, 10.02, 10.36 என மூன்று. எல்லா மியூவானையும் கொட்டி வரைந்தால் பின்னிரண்டும் ஒட்டிக்கொள்ளும். இரண்டு மியூவானுக்கும் ஈட்டா (மோதும் கற்றையிலிருந்து எவ்வளவு கோணம் என்பதன் அளவு) மைனஸ் 1 முதல் பிளஸ் 1-க்குள் இருக்கும் ஜோடிகளை மட்டும் எடுத்து, ஹிஸ்டோகிராம் கட்டத்தை 20 எம்இவி ஆக்குங்கள். கருவியின் நடுப்பகுதியில் உந்தம் துல்லியமாக அளக்கப்படுவதால் மூன்றும் பிரிந்து நிற்கும். பார்க்கவே அழகு.

30 ஜிஇவி பக்கம் ஒரு மேடு வரும். அது துகள் அல்ல, எந்த மோதலைப் பதிவது என்று தேர்ந்தெடுக்கும் டிரிகர் செய்த வேலை.

91.19-இல் இசட் போசான் பளிச்சென்று நிற்கும், அகலத்தில்தான் வழுக்கல். துகளின் இயல்பான முகட்டு வடிவமான பிரைட்-விக்னரை மட்டும் பொருத்தினால் இசட்டின் உண்மை அகலமான 2.495 ஜிஇவியைவிடக் கூடுதலாக வரும், கருவியின் பிரிதிறனும் அதில் கலந்திருப்பதால். அதைக் காஸியனோடு கன்வல்யூஷன் செய்து (இரண்டையும் கலந்து), அகலத்தைச் செர்னின் பழைய லெப் மோதுவி அளந்த அந்த மதிப்பிலேயே நிறுத்திவிட்டு, பிரிதிறனைக் காட்டும் காஸியனின் சிக்மாவை மட்டும் கண்டுபிடியுங்கள். மியூவான் ஒளித்துகளை உமிழ்வதால் இடப்பக்கம் வால் நீளும். 86 முதல் 96 வரை பொருத்தினால் தொல்லை குறையும்.

இந்த பைலில் மியூவான் தவிர வேறொன்றும் இல்லை. கருவியில் சிக்காத நியூட்ரினோவைக் காட்டும் 'காணாமல்போன ஆற்றல்' தகவல் இல்லாததால் டபிள்யூ போசான் பக்கம் போக முடியாது. அதற்கு முழு டேட்டாவும் பழைய சிஎம்எஸ் மென்பொருளை அப்படியே ஓட்டும் கன்டெய்னரும் வேண்டும். விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2-இல் அந்தக் கன்டெய்னர் ஒரு வார்த்தை சொல்லாமல் மூடிக்கொண்டால், கர்னல் கமாண்ட் லைனில் 'விசிஸ்கால்' அமைப்பை 'எமுலேட்' என்று மாற்றி, டபிள்யூஎஸ்எல்லை முழுதாக நிறுத்தித் திரும்ப ஓட்டுங்கள்.