தென்னை நார் இன்சுலேஷன் போர்டுன்னு 38,500 ரூபா ஏமாத்திட்டாங்க, யாரும் சிக்கிடாதீங்க

மொட்டை மாடியில மெட்டல் ஷீட் போட்ட ரூம், அப்பா அங்கதான் படுப்பாரு, வெயில் காலத்துல உள்ள நிக்கவே முடியாது. கிளாஸ் வூல் (கண்ணாடி இழைப் பஞ்சு) வேணாம், தென்னை நார்லயே போர்டு வருதே, நாருக்கு நடுவுல நிக்கிற காத்துதான் சூட்டைத் தடுக்கும், நாரைக் கெட்டியாக்குற லிக்னின்ங்கற பொருள் அதிகம்ங்கறதால சீக்கிரம் மக்காதுன்னு எல்லாம் விசாரிச்சுட்டுத்தான், கட்டுமானப் பொருள் விக்கிற ஒரு ஆன்லைன் சைட்ல ஆர்டர் போட்டேன்.

நம்ப வெச்சதே அந்த சாம்பிள்தான். கூரியர்ல உள்ளங்கை அளவு ஒரு துண்டு அனுப்புனாங்க, நீள நீளமான நார், ரப்பர் பால் போட்டு ஒட்டினது, அமுக்கினா திரும்ப எழும்புது. அப்பாவே தடவிப் பாத்துட்டு "அசல் மட்டை நார்டா, தாராளமா வாங்கு"ன்னாரு. முழுப் பணமும் முன்னாடியே கட்டினேன், 38,500.

வந்தது வேற. மேலயும் கீழயும் மட்டும் மெல்லிசா நார், பாக்க சாம்பிள் மாதிரியே இருந்துச்சு, அப்படியே அடிச்சாச்சு. மழை ஆரம்பிச்சதும் ஷீட்டுக்கு அடியில வேர்க்குமில்ல, அந்த ஈரத்துக்கே போர்டு உப்பி, பூஞ்சை புடிச்சு, கட்டில் மேல பழுப்புத் தூளா கொட்டுது. கார்பென்ட்டர் அண்ணன் ஒண்ணைப் பிச்சுக் காட்டுனாரு, நடுவுல முழுக்க நார்க்கழிவு, அதான் மட்டையில நார் எடுத்தப்புறம் மிஞ்சுற தூள்! ஒரு கிலோ நார் எடுத்தா ரெண்டு கிலோ கழிவு விழும், தன் எடைக்குப் பல மடங்கு தண்ணி குடிக்கும், செடித் தொட்டிக்குப் போடறது அது. அதைப் போயி கூரைக்கு விக்கிறானுங்க.

போன் பண்ணா "இயற்கைப் பொருள் சார், கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும்". அடுத்து "உங்க கூரை ஒழுகுது". ஒழுகலன்னு வீடியோ அனுப்புனா "ரிட்டர்ன் டைம் முடிஞ்சிருச்சு". இப்ப போனே எடுக்கறதில்ல. 38,500 ரூபாங்க, அப்பா இருமிட்டே கீழ ஹால்ல படுத்திருக்காரு.

வாங்கறவங்க சாம்பிளை நம்பாதீங்க, வந்த போர்டுல ஒண்ணை குறுக்க அறுத்துப் பாருங்க, ஒரு துண்டை பக்கெட் தண்ணியில போடுங்க, உப்பித் தூளா உதிர்ந்துச்சுன்னா அன்னிக்கே திருப்பி அனுப்பிடுங்க. முழுப் பணம் முன்னாடி கட்டாதீங்க. தீ புடிக்காம இருக்க என்ன போட்டிருக்காங்கன்னும் கேளுங்க. 2020 இ-காமர்ஸ் விதிப்படி புகாரை 48 மணி நேரத்துல ஏத்துக்கிட்டு ஒரு மாசத்துல தீர்க்கணும், இல்லைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அடிங்க, நானும் அதுலதான் கம்ப்ளைன்ட் போட்டிருக்கேன்.