பீர் கடையில் நான்கு ஒயின்

குன்னூரில் மலை ரயிலின் கூவல் காதில் விழும் தூரத்தில் இருக்கிறது இந்த உணவகம். பெயர் வேண்டாம். குறை சொல்லப் போகிறேன். ஊரோ சின்னது, நாளைக்கே மார்க்கெட்டில் முதலாளி எதிரே வருவார்.

போன சனிக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து மச்சினன் வந்திருந்தான். அவனுக்குப் பீர் இருந்தால் போதும். எனக்கு இந்தக் குளிரில் பீர் இறங்காது. பீர் விஷயத்தில் கடைக்காரர்கள் கெட்டிதான்: பதினோரு வகை, எல்லாம் சரியான சில். 1915-இல் தென்னிந்தியாவின் சில ப்ரூவரிகளை (பீர் ஆலைகளை) சேர்த்து, கிங்ஃபிஷர் பீர் கம்பெனியான யுனைடெட் ப்ரூவரீஸ் தொடங்கியபோது நீலகிரி ப்ரூவரியும் அதில் சேர்ந்தது. இதைச் சொன்னதும், "அப்போ இது உங்க ஊர் சரக்குதான் மாமா" என்று மச்சினன் இரண்டாவது பாட்டிலைத் திறந்துவிட்டான்.

ஒயின், மெனு அட்டையின் கடைசிப் பக்கத்தில் லெமன் சோடாவுக்குக் கீழே இருந்தது. நாசிக்கின் சூலா கம்பெனியில் இரண்டு வெள்ளை: ஷெனின் பிளாங்க், சொவிஞான் பிளாங்க். நந்தி மலைப் பக்கத்து குரோவர் கம்பெனியின் சிவப்பு, கேபர்னே ஷிராஸ். அப்புறம் ஒரு கோவா போர்ட், இனிப்பு ஒயின். நான்குதானா என்று நான் முகம் சுளிக்கவில்லை. பீர் கடையில் இருபது ஒயின் வைத்தால் பாதி தூசி பிடித்துக் கிடக்கும். இருக்கிற நான்கை எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

நான் தேயிலை ருசி பார்க்கிற ஆள். இருபத்திரண்டு வருஷமாக ஏலத்துக்குப் போகும் மாதிரிகளை உறிஞ்சித் துப்புகிறேன். ஒயின் படித்தவன் இல்லை, ஆனால் துவர்ப்பு நாக்குக்குப் பழகிய சங்கதி.

சிவப்பு ஒயினை 16 முதல் 18 டிகிரியில் குடிப்பது நல்லது. குன்னூரில் அதற்குப் பெரிய பாடுபட வேண்டாம், ஓர் உள்ளறை அலமாரி போதும். இவர்களோ கணப்புக்கு மேலிருக்கும் பலகையில் அழகுக்காக நிற்க வைத்திருக்கிறார்கள். டம்ளரைத் தொட்டால் இளஞ்சூடு. மூக்கைக் கொண்டு போனால் பழ வாசனைக்கு முன்னால் சாராய நெடி. போதாததற்கு, டம்ளரை விளிம்புவரை ஊற்றிவிட்டார்கள். வாசனை தங்க இடமே இல்லை.

"எப்போ திறந்தது தம்பி?" என்றேன்.

"நேத்து சார்..." கொஞ்சம் யோசித்தான். "இல்ல சார், வியாழக்கிழமை."

உண்மையைச் சொன்னதற்கு அந்தப் பையனுக்கு ஒரு மார்க். நறுக்கிய தேயிலைக்குக் காற்றுப்பட்டால்தான் நிறமும் மணமும் வரும்; அதிலும் நேரம் தவறினால் சப்பென்று போய்விடும். திறந்த ஒயினுக்குக் காற்று அரை மணி நேரம் நண்பன். மூன்று நாள் கணப்புச் சூட்டில் நின்றால், நேற்றைய டிகாஷன்தான்.

வெள்ளையின் கதை தலைகீழ். ஷெனினைப் பீர் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து வந்தார்கள். நல்லவேளை, புது பாட்டில், கண்ணெதிரே மூடியைத் திருகினார்கள். பல் கூசியது, ருசி என்று எதுவும் தெரியவில்லை. இரண்டு கையாலும் டம்ளரைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தேன். மச்சினன் சிரித்தான். இருபது நிமிஷத்தில் கொய்யாவும் அன்னாசியும் மெல்ல மெல்ல வெளியே வந்தன. அதற்குள் மிளகுப் பன்றி வறுவலும் வந்துவிட்டது. ஷெனினின் மெல்லிய இனிப்பு அந்தக் காரத்தைத் தட்டிக்கொடுத்து உட்கார வைத்தது. அதே வறுவலுக்கு மேல் மிச்சமிருந்த சிவப்பை ஒரு வாய் குடித்தேன்: துவர்ப்பும் காரமும் ஒன்றையொன்று ஏற்றிவிட்டன, காது வரை எரிந்தது.

சொவிஞான் அன்றைக்கு இல்லை. போர்ட் இருமல் மருந்துக்குத் தங்கை, ஒரு வாயோடு மச்சினன் பக்கம் தள்ளிவிட்டேன். அவன் அதையும் குடித்தான்.

ஒயின் டம்ளர் ஒன்றுக்கு 450 ரூபாய். ஷெனினுக்குத் தரலாம், சிவப்புக்குத் தர மனசு வரவில்லை. கிளம்பும்போது முதலாளியிடம் கணப்பைப் பற்றி மெதுவாகச் சொன்னேன். "பாட்டில் அங்க இருந்தா பார்க்க நல்லாருக்குன்னு வெச்சோம் சார்" என்றவர், நாங்கள் செருப்பு மாட்டும்போதே அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். காலி பாட்டிலை வைத்தாலும் அதே அழகுதான் என்று வாய்வரை வந்தது, விட்டுவிட்டேன்.

நீங்கள் போனால் ஷெனின் கேளுங்கள், புது பாட்டிலாக. வறுவல் சொல்லும்போதே அதையும் மேசைக்கு வரவழைத்துவிடுங்கள்.