புலி நம்மைப் பார்க்கும் வரை காத்திருக்க விட்டார்கள்

பெரும்பூனைகளைக் கிட்டத்தில் படம் எடுக்க ஒரு சரணாலயம் நடத்தும் போட்டோ நாளுக்குப் போய் வந்தேன். பதிவு செய்யும் முன் நான் கேட்டது ஒரே கேள்விதான், குட்டிகளைத் தூக்கிக்கொண்டு படம் எடுக்க விடுவீர்களா? தொடவே கூடாது, இங்கே இனப்பெருக்கம் செய்வதும் கிடையாது, எல்லாம் வேறு இடங்களிலிருந்து மீட்டு வந்தவை என்றார்கள். சரி, உடனே பணம் கட்டிவிட்டேன். குட்டியைக் கையில் கொடுக்கிற இடங்களுக்கு என்னால் போகவே முடியாது, அது வளர்ந்த பிறகு எங்கே போகும் என்ற நினைப்பே மனசை அறுக்கும்.

முதலில் புலி. பராமரிப்பவரைப் பார்த்ததும் மூக்கால் 'ப்ர்ஃப், ப்ர்ஃப்' என்று ஊதியது, புலிகள் நட்பாக வணக்கம் சொல்வது அப்படித்தானாம், அந்தச் சத்தத்தைப் பக்கத்தில் நின்று கேட்டபோது கேமராவை இறக்கிவிட்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அது திரும்பி நடந்தது. காதுகளின் பின்பக்கம் கருப்பு, நடுவில் பளிச்சென்று ஒரு வெள்ளைப் புள்ளி. அந்தப் படம்தான் இன்றைக்கும் எனக்குப் பிடித்தது.

கம்பிவலையை நினைத்துப் பயந்துதான் போனேன், ஆனால் 70-200 மி.மீ. ஜூம் லென்ஸின் துளையை எஃப் 2.8-இல் முழுசாகத் திறந்து, ஜூமை 200-க்கு இழுத்து வைத்து, புலி வலையை விட்டு நன்றாக உள்ளே தள்ளிப் போகும் வரை பொறுத்திருந்தால் கம்பி கரைந்துபோகிறது. வெயில் பட்டு மின்னும் கம்பி மட்டும் படத்தில் வெள்ளைப் புகை மாதிரி விழும், அதனால் வலையில் நிழல் விழுந்த இடமாகத் தேடி நில்லுங்கள். ஃபோகஸ் கம்பியைப் போய்ப் பிடித்தால் லென்ஸில் இருக்கும் ஃபோகஸ் லிமிட்டரை (பக்கத்தில் இருப்பதைத் தேடாமல் தடுக்கும் சுவிட்ச்) தூரத்துக்கு மாற்றி, ஒற்றை ஃபோகஸ் புள்ளியைக் கண்மேல் வையுங்கள். ஃபிளாஷுக்கு அனுமதி இல்லை, அது மிகச் சரி.

கருஞ்சிறுத்தைக்கு எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தைப் பாதியாக, குறைக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். இல்லாவிட்டால் கேமரா அந்தக் கருப்பைச் சாம்பலாக்கிவிடும். சாய்ந்த வெளிச்சம் அதன் விலாவில் பட்டபோது கருப்புக்குள்ளேயே பூப்பூவாகப் புள்ளிகள் தெரிந்தன!

குறை என்றால் நேரம்தான். சிங்கத்தைப் படம் எடுக்கும் நேரத்தை உச்சி வெயிலில் வைத்திருந்தார்கள். ஒரு நாளில் இருபது மணி நேரம் வரை படுத்தே கிடக்கக்கூடிய விலங்கு அது, வெயில் நேரத்தில் எழுந்து வருமா? முக்கால் மணி நேரமும் முதுகும் வால் நுனியும்தான் கிடைத்தன. ஆனாலும் அதை எழுப்புவதற்காக யாரும் கல் எறியவோ கத்தவோ இல்லை, கேட்ட ஒருவரையும் பராமரிப்பவர் பணிவாக மறுத்துவிட்டார். அந்த ஒன்றுக்காகவே மறுபடி போவேன். காலையில் சிங்கம், மதியம் ஓய்வு, சாயங்காலம் புலி என்று அட்டவணையை மாற்றச் சொல்லி அவர்களுக்கு எழுதியும் விட்டேன்.