டொயோட்டா பிராடோ ஜீப்பா, ஹொண்டா வெசல் காரா?

2025இல் வாகன இறக்குமதி திரும்பத் திறந்ததிலிருந்து கிளிநொச்சிப் பக்கம் பலருக்கு இதே குழப்பம்.

கட்டமைப்பு: பிராடோவுக்கு ஏணி போல இரும்புச் சசி (அடிச்சட்டம்), அதன்மேல் உடல். வெசலுக்குச் சசியும் உடலும் சேர்ந்த ஒரே கூடு.

பாதுகாப்பு: ஏ9 வீதியில் இரவில் மாடு படுத்திருக்கும். சட்டென்று ஸ்டியரிங்கை வெட்டினால் உயரமான, பாரமான வண்டிதான் பிரளப் பார்க்கும். எதை வாங்கினாலும் சறுக்கலைத் தடுக்கும் ஈஎஸ்சி இருக்கவேணும். இல்லாததை நான் தொடமாட்டன். கைக்குழந்தை இருந்தால் பின் சீற் இடுக்கில் விரலை விட்டுத் தடவிப் பாருங்கோ, குழந்தை சீற்றைக் கொளுவுற ஐசோபிக்ஸ் கம்பி தட்டுப்படவேணும்.

செலவு: விலையிலும் எண்ணெயிலும் வெசல்தான் மலிவு.

மாங்குளம், முல்லைத்தீவு என்று காபெட் வீதியில் ஓடுறவைக்கு வெசல் போதும். மாரியில் குளக்கட்டாலும் வயல் சேற்றாலும் போறவைக்குச் சசி வண்டிதான் சரி.